செயற்கைக்கோள்களைப் பின்தொடர்ந்த ஆர்வலர்கள்

செயற்கைக்கோளுக்குச் சொந்த ஒளி கிடையாது. அதன் மீது விழும் வெயிலே அதை நமக்குக் காட்டுகிறது. பொழுது சாய்ந்த பிறகு சிறிது நேரமும் விடியலுக்கு முன் சிறிது நேரமும் தரை இருண்டிருக்கும். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோளின் மீதோ வெயில் பட்டுக்கொண்டிருக்கும். அப்போது அது நட்சத்திரங்களுக்கு ஊடே சீராக நகரும் ஒளிப்புள்ளியாகத் தெரியும். பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் நடுவானிலேயே மறைந்துபோகும். இதைப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். எந்த நேரம், எந்தத் திசை என்று தெரிந்தால் போதும்.

ஆசிரியர்கள், மாணவர்கள், அலுவலக ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று பலதரப்பட்ட மக்கள், மனிதன் விண்ணுக்கு அனுப்பியவற்றை இப்படிக் கண்ணாலும் காதாலும் பின்தொடர்ந்து வந்திருக்கிறார்கள். மேல் வளிமண்டலத்தின் இயல்பை அறிய அவர்களுடைய குறிப்புகள் உதவின. அறிவிக்கப்படாத ஏவுதளம் ஒன்றை அவை உலகுக்குத் தெரியப்படுத்தின. தொலைந்துபோன கோளையும் நொறுங்கிய தரையிறங்கு கலத்தின் சிதறலையும் கண்டுபிடிக்க வழிகாட்டின. வல்லரசுகளால் எதையும் ரகசியமாக ஏவ முடிந்தது. ஏவிய பிறகு அதை ரகசியமாக வைத்திருப்பதுதான் கடினமாக இருந்தது. வானம் எல்லோருக்கும் பொது என்ற எண்ணத்துக்கு நடைமுறையில் உயிர் கொடுத்தவர்கள் இந்த ஆர்வலர்கள்.

மூன்வாட்ச் அணிகள்

இந்த மரபு தொடங்கியபோது விண்ணில் ஒரு செயற்கைக்கோள்கூட இல்லை. 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்துக்குள் செயற்கைக்கோள் ஒன்றை ஏவப்போவதாக 1955 ஜூலையில் அமெரிக்கா சொன்னது. சில நாட்களில் சோவியத் ஒன்றியமும் அதையே சொன்னது. ஏவிய பொருள் எங்கே போகிறது என்று கண்டறிவது தனி வேலை. திட்டமிட்ட பாதையிலிருந்து கோள் சற்று விலகினாலும், அதிலுள்ள ரேடியோ பழுதானாலும், பரந்த வானத்தில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்தப் பொறுப்பு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஸ்மித்சோனியன் வான் இயற்பியல் ஆய்வகத்திடம் வந்தது. அதன் இயக்குநர் ஃப்ரெட் விப்பிள், வால்மீன் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். உலகெங்கும் 12 இடங்களில் பேக்கர்-நன் என்ற பெரிய கேமராக்களை நிறுவ அவர் திட்டமிட்டார். அவற்றில் ஒன்று இந்தியாவில் நைனிடாலுக்கு வந்தது. ஆனால் கேமராவை எங்கே திருப்ப வேண்டும் என்று முதலில் யாராவது சொல்ல வேண்டும். அந்த வேலையைத் தன்னார்வலர்கள் செய்வார்கள் என்று விப்பிள் நம்பினார். பயிற்சி பெறாதவர்களின் கணக்கை எப்படி நம்புவது என்று தொழில்முறை அறிவியலாளர்கள் பலர் தயங்கினார்கள். ஆனாலும் 1956-இல் மூன்வாட்ச் என்ற பெயரில் திட்டம் தொடங்கியது.

மூன்வாட்ச் அணியின் செயல்முறை எளிமையானது, ஆனால் கண்டிப்பானது. மொட்டை மாடியிலோ திறந்த வெளியிலோ உயரமான கம்பம் ஒன்றை நட்டு, அதன் தலையில் குறுக்குக் கட்டை பொருத்துவார்கள். வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கு வரை செல்லும் கற்பனைக் கோடான உச்சிவட்டத்துக்கு அந்தக் கம்பம் அடையாளம். பார்வையாளர்கள் வரிசையாக உட்காருவார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஐந்தரை மடங்கு மட்டுமே பெரிதாக்கும், ஆனால் சுமார் 12 பாகை அகல வானத்தைக் காட்டும் சிறு தொலைநோக்கி இருக்கும். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்காமல் கீழே குனிந்து பார்க்கும்படி அதில் கண்ணாடி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். ஒருவருடைய பார்வைப் புலம் பக்கத்தில் இருப்பவருடையதோடு சற்றே மேற்படியும்படி தொலைநோக்கிகளை அமைத்தால், வானத்தின் குறுக்கே ஒரு வேலி போட்டாற்போல் ஆகிவிடும். கோள் எந்த வழியாகப் போனாலும் அந்த வேலியைக் கடந்தாக வேண்டும்.

அருகில் டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கும். சிற்றலையில் நாள் முழுதும் ஒலிக்கும் நேரக் குறிப்பு அதில் பதிவாகும். தன் கோட்டை ஒளிப்புள்ளி கடக்கும் கணத்தில் பார்வையாளர் குரல் கொடுப்பார். அந்தக் குரலும் அதே நாடாவில் பதியும். பிறகு நாடாவைப் போட்டுக் கேட்டால், எந்த நொடியில், எந்த உயரக் கோணத்தில் கோள் கடந்தது என்ற இரண்டு எண்களும் கிடைத்துவிடும். அவை உடனே கேம்பிரிட்ஜுக்குச் செல்லும். ஏவுதலுக்கு முந்தைய மாதங்களில், சிறு விளக்கை இழுத்துச் செல்லும் விமானங்களைப் பறக்கவிட்டு அணிகள் ஒத்திகை பார்த்தன. 1957 அக்டோபரில் சுமார் 200 அணிகள் தயாராக இருந்தன.

ஸ்புட்னிக் வந்தபோது

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் 1-ஐ ஏவியது. எடை 83.6 கிலோ, விட்டம் 58 சென்டிமீட்டர், பூமியை ஒருமுறை சுற்ற சுமார் 96 நிமிடம். அன்றைக்கு பேக்கர்-நன் கேமராக்களில் ஒன்றுகூட வேலைக்குத் தயாராகவில்லை. ஆகவே முதல் வாரங்களில் கண்ணால் பார்த்த குறிப்புகளின் பொறுப்பு பெரும்பாலும் தன்னார்வலர்கள் மேல் விழுந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி, வூமெரா அணிகள் முதலில் கண்டவர்களில் அடங்கும். வந்துசேர்ந்த எண்களை ஐபிஎம் 704 கணினியில் இட்டு, கேம்பிரிட்ஜ் குழு சுற்றுப்பாதையைக் கணித்தது.

அந்த நாட்களில் மக்கள் வெறும் கண்ணால் பார்த்தது பெரும்பாலும் ஸ்புட்னிக்கை அல்ல. 58 சென்டிமீட்டர் உருண்டை வெறும் கண்ணுக்கு மிக மங்கல். அதைச் சுமந்து சென்ற ராக்கெட்டின் மையப் பகுதியும் சுற்றுப்பாதையை அடைந்திருந்தது. பிரகாசமாகத் தெரிந்தது அதுதான். டிசம்பர் 1 அன்று அது வளிமண்டலத்துக்குள் விழுந்தது. ஸ்புட்னிக் 1958 ஜனவரி 4 அன்று எரிந்தது.

கண்ணுக்கு மங்கலாக இருந்த கோள் காதுக்கு எளிதில் எட்டியது. 20.005, 40.002 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவெண்களில் அது ஒலித்தது. முதல் அலைவெண், அமெரிக்க நேரக் குறிப்பு வானொலி ஒலிக்கும் 20 மெகாஹெர்ட்ஸுக்கு ஒட்டியே இருந்ததால், சாதாரணச் சிற்றலை ரிசீவர் வைத்திருந்தவர்களும் அதைப் பிடிக்க முடிந்தது. இந்த அலைவெண்களைப் பற்றிய விவரத்தை சோவியத் ஒன்றியத்தின் 'ரேடியோ' இதழ் மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. பேட்டரி ஓயும்வரை, ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு, உலகெங்கும் ஹாம் ரேடியோக்காரர்கள் அந்த ஒலியைக் கேட்டும் பதிவு செய்தும் வைத்தார்கள்.

சோவியத் ஒன்றியத்திலும் இதே ஏற்பாடு இருந்தது. வானியலாளர் அல்லா மசேவிச்சின் பொறுப்பில் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் கண்காணிப்பு நிலையங்கள் அமைந்தன. அங்கே சிறு தொலைநோக்கிகளின் முன் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். அரசியலில் எதிரெதிராக நின்ற இரண்டு நாடுகளும், தங்கள் கோள்களைக் கண்டறியப் பொதுமக்களின் கண்களையே நம்பின.

குறிப்புகளிலிருந்து அறிவியல்

பார்வையாளர்கள் குறித்த நேரமும் இடமும் குவியக் குவிய, அவற்றிலிருந்து எதிர்பாராத உண்மைகள் வெளிப்பட்டன. தாழ்வான பாதையில் சுற்றும் கோளை மிக மெல்லிய காற்று இழுக்கிறது. அதனால் அது ஒவ்வொரு சுற்றிலும் சிறிது கீழே இறங்குகிறது. சுற்றும் காலம் குறைகிறது. எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று பார்த்தால் அந்த உயரத்தில் காற்று எவ்வளவு அடர்த்தி என்று தெரிந்துவிடும். ஸ்மித்சோனியன் ஆய்வகத்தின் லூயிஜி யாக்கியா இந்தத் தரவுகளை ஆராய்ந்து, மேல் வளிமண்டலத்தின் அடர்த்தி சூரியனின் கொந்தளிப்புக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது என்று காட்டினார். கோள்களின் ஆயுளைக் கணிக்க இன்றும் இந்த உறவே அடிப்படை.

பிரிட்டனில் ஃபார்ன்பரோவின் ராயல் விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டெஸ்மண்ட் கிங்-ஹீலி, தன்னார்வலர்களின் குறிப்புகளை இன்னும் ஆழமாகப் பயன்படுத்தினார். பூமியின் ஈர்ப்புப் புலத்தில் உள்ள நுணுக்கமான ஏற்ற இறக்கங்களையும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றின் வேகத்தையும் சுற்றுப்பாதை மாற்றங்களிலிருந்து அவர் கணித்தார். அவருக்குத் தரவு அனுப்பியவர்களின் கருவி பைனாகுலரும் ஸ்டாப் வாட்ச்சும்தான்.

முறை இதுதான். கோள் போகும் வழியை முன்கூட்டிக் கணித்து, வழியில் அருகருகே இருக்கும் இரண்டு நட்சத்திரங்களைத் தேர்ந்துகொள்வார்கள். அவற்றை இணைக்கும் கோட்டைக் கோள் கடக்கும் கணத்தில் ஸ்டாப் வாட்ச்சை அழுத்துவார்கள். முதல் நட்சத்திரத்திலிருந்து எத்தனை பங்கு தூரத்தில் கடந்தது என்பதை மனத்தில் குறித்துக்கொள்வார்கள். பிறகு ரேடியோவிலோ தொலைபேசியிலோ நேரக் குறிப்பைக் கேட்டு ஸ்டாப் வாட்ச்சை நிறுத்துவார்கள். கடந்த நேரம் கழித்தலில் கிடைத்துவிடும். நட்சத்திர வரைபடத்தில் அந்த இடத்தை அளந்தால் கோளின் திசையும் கிடைக்கும். பழகிய கைக்கு நேரத்தில் நொடியின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியம் வரும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவைச் சேர்ந்த ரஸ்ஸல் ஈபர்ஸ்ட் இந்த முறையில் தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளைப் பதிவு செய்தவர்.

1960 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்கா ஏவிய எக்கோ 1, இந்தப் பழக்கத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. சுமார் 30 மீட்டர் விட்டமுள்ள அந்தப் பளபளப்பான பலூன், பிரகாசமான நட்சத்திரங்களுக்கு இணையாக ஒளிர்ந்தது. எத்தனை மணிக்குத் தெரியும் என்று பத்திரிகைகள் அச்சிட்டன. குடும்பத்தோடு மக்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

விண்ணிலிருந்து விழுவதையும் ஆர்வலர்கள் கவனித்தார்கள். 1960 மே மாதம் ஏவப்பட்ட ஸ்புட்னிக் 4, 1962 செப்டம்பர் 5 விடியற்காலையில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு மேலே உடைந்து எரிந்தது. கோள் விழும் நாள் நெருங்கியதை அறிந்து காத்திருந்த மில்வாக்கி மூன்வாட்ச் அணியினர் அதைக் கண்டார்கள். அதே மாநிலத்தின் மானிடோவோக் நகரத் தெரு ஒன்றில் சுமார் 9 கிலோ எடையுள்ள உலோகத் துண்டு புதைந்து கிடந்தது. அது ஸ்புட்னிக் 4-இன் பகுதி என்று ஆய்வில் உறுதியானது. பின்னர் அது சோவியத் ஒன்றியத்திடம் திருப்பித் தரப்பட்டது. விழுந்த இடத்தை ஒரு பித்தளை வளையம் குறிக்கிறது. கேமராக்களும் ராடார்களும் பெருகிய பின் மூன்வாட்ச்சின் தேவை குறைந்தது. 1975-இல் அந்தத் திட்டம் முடிவுக்கு வந்தது.

கெட்டரிங் பள்ளி

இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில் கெட்டரிங் என்ற சிறு நகரம். அங்குள்ள ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஜெஃப்ரி பெரி இயற்பியல் ஆசிரியர். உடன் பணியாற்றிய வேதியியல் ஆசிரியர் டெரிக் ஸ்லேட்டர் ஹாம் ரேடியோ பழக்கமுள்ளவர். 1960-இல் ஸ்புட்னிக் 4-இன் ஒலியைப் பள்ளியிலேயே பிடித்தார்கள். பாடத்தில் வரும் டாப்ளர் விளைவை மாணவர்களுக்கு நேரடியாகக் காட்டுவதே பெரியின் முதல் நோக்கம். ரயில் நம்மைக் கடந்து போகும்போது அதன் ஊதல் ஒலி தாழ்வதைப் போல, கோள் நெருங்கி வந்து விலகும்போது ரேடியோ ஒலியின் அலைவெண்ணும் இறங்கும். எந்தக் கணத்தில் மிக விரைவாக இறங்குகிறதோ, அப்போது கோள் கேட்பவருக்கு மிக அருகில் இருக்கிறது. இந்த நேரங்களை நாள்தோறும் குறித்துவந்தால் கோள் எவ்வளவு நேரத்தில் பூமியைச் சுற்றுகிறது என்று கணக்கிடலாம்.

வகுப்புப் பாடமாகத் தொடங்கியது முறையான கண்காணிப்பாக வளர்ந்தது. சோவியத் ஒன்றியம் தன் கோள்களில் பலவற்றுக்குக் காஸ்மாஸ் என்று பொதுப் பெயரும் வரிசை எண்ணும் இட்டு, அறிவியல் ஆய்வுக்கானவை என்று மட்டும் அறிவித்துவந்தது. அவற்றில் பல எட்டு நாட்கள் சுற்றிவிட்டுத் தரைக்குத் திரும்புவதையும், அவை ஒரே வகையான சமிக்ஞையை ஒலிப்பதையும் கெட்டரிங் மாணவர்கள் கவனித்தார்கள். அவை புகைப்படச் சுருளைப் பூமிக்குக் கொண்டுவரும் உளவுக் கோள்கள்.

1966 மார்ச் 17 அன்று காஸ்மாஸ் 112 ஏவப்பட்டது. அதன் பாதை பூமத்திய ரேகையோடு 72 பாகை சாய்ந்திருந்தது. அதுவரை பழகிய கோள்களின் சாய்வு வேறு. சமிக்ஞை கேட்ட நேரங்களைக் கொண்டு பாதையைப் பின்னோக்கி வரைந்தபோது, ஏவப்பட்டிருக்கக்கூடிய நேரத்தில் அது சோவியத் ஏவுதளமான பைக்கோனூருக்கு மேலே வரவில்லை. வேறோர் இடத்திலிருந்து ஏவியிருக்க வேண்டும் என்று பெரி ஊகித்தார். ஆனால் ஒரே ஒரு கோட்டை வைத்துக்கொண்டு இடத்தைச் சொல்ல முடியாது; அந்தக் கோட்டில் எந்தப் புள்ளியும் ஏவுதளமாக இருக்கலாம். அதே ஆண்டில் வேறு சாய்வுள்ள கோள் ஒன்றும் வந்தது. அதன் முதல் சுற்றின் தடத்தையும் வரைபடத்தில் இட்டபோது, இரண்டு கோடுகளும் வட ரஷ்யாவில் அர்க்காங்கெல்ஸ்குக்குத் தெற்கே, பிளெசெட்ஸ்க் அருகே வெட்டிக்கொண்டன.

அமெரிக்க உளவுத்துறைக்கு அங்கே ராணுவத் தளம் இருப்பது முன்பே தெரியும். ஆனால் அது வெளியே சொல்லவில்லை. அங்கிருந்து செயற்கைக்கோள்கள் ஏவப்படுவதை 1966 இறுதியில் உலகுக்குச் சொன்னது ஒரு பள்ளிதான். அந்த ஏவுதளம் இருப்பதை சோவியத் அரசு 1983-இல்தான் ஒப்புக்கொண்டது. அதற்குள் பெரியின் குழு நாடு கடந்து வளர்ந்திருந்தது. ஸ்வீடனின் ஸ்வென் கிரான் போன்றோர் அதில் சேர்ந்து ஒலிப்பதிவுகளையும் கணக்குகளையும் பரிமாறிக்கொண்டார்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சி தன் விண்வெளிச் செய்திகளுக்குப் பெரியின் விளக்கத்தை நாடியது. மாணவர்களுக்கு இயற்பியலைக் கற்பிக்கும் ஆசையிலிருந்து இவ்வளவும் விளைந்தது என்பது கல்வி வரலாற்றிலும் குறிக்கத்தக்க செய்தி.

பட்டியலில் இல்லாத கோள்கள்

அமெரிக்க ராணுவம் விண்ணிலுள்ள பல்லாயிரம் பொருட்களின் சுற்றுப்பாதை விவரத்தைப் பொதுவில் வைக்கிறது. தன் உளவுக் கோள்களின் பாதையை மட்டும் வெளியிடுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் வேலையை ஆர்வலர்கள் எடுத்துக்கொண்டார்கள். கனடாவின் டொரண்டோ நகரத்தைச் சேர்ந்த டெட் மோல்சான், பல நாட்டுப் பார்வையாளர்களின் எண்களைத் தொகுத்துப் பாதைகளைக் கணிப்பதில் முன்னணியில் நின்றவர்.

1990 பிப்ரவரி 28 அன்று அட்லாண்டிஸ் விண்வெளி ஓடம் ரகசியக் கோள் ஒன்றைச் சுமந்து சென்றது. சில நாட்களில் சிதறல்கள் காணப்பட்டதால் கோள் பழுதாகி உடைந்துவிட்டது என்று பலரும் முடிவு கட்டினார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில், ஈபர்ஸ்ட் உள்ளிட்ட ஐரோப்பியப் பார்வையாளர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாத பிரகாசமான கோள் ஒன்றைக் கண்டார்கள். அதன் பாதையைப் பின்னோக்கிக் கணித்த மோல்சான், அது அட்லாண்டிஸ் விட்டுச்சென்ற கோளே என்று காட்டினார். 2010 ஏப்ரல் 22 அன்று அமெரிக்க விமானப்படை ஏவிய எக்ஸ்-37பி என்ற ஆளில்லா விண்கலத்தையும் அடுத்த மாதமே ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனைச் சேர்ந்த கிரெக் ராபர்ட்ஸ் அதைப் பதிவு செய்தவர்களில் ஒருவர்.

இதற்குப் பொதுநலன் சார்ந்த பயனும் உண்டு. ஏவப்படும் ஒவ்வொரு பொருளின் பாதையையும் அந்தந்த நாடு ஐ.நா. சபையிடம் பதிய வேண்டும் என்ற ஒப்பந்தம் 1976 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவேட்டில் உள்ளது சரிதானா என்று அரசைச் சாராமல் சோதிக்கும் வாய்ப்பு இத்தகைய ஆர்வலர்களால்தான் கிடைக்கிறது.

தொலைந்ததும் நொறுங்கியதும்

நாசாவின் இமேஜ் என்ற கோள் 2000 மார்ச் 25 அன்று ஏவப்பட்டு, பூமியின் காந்தப்புலச் சூழலை ஆராய்ந்துவந்தது. 2005 டிசம்பர் 18 அன்று அதன் ஒலி நின்றது. அத்துடன் கோள் தொலைந்ததாகவே கருதப்பட்டது. 2018 ஜனவரி 20 அன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஹாம் ரேடியோ ஆர்வலரான ஸ்காட் டில்லி, அம்மாதத் தொடக்கத்தில் ஏவப்பட்ட ஸூமா என்ற ரகசியக் கோளைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ரிசீவரில் எதிர்பாராத சமிக்ஞை ஒன்று பதிவானது. அதன் டாப்ளர் மாற்றத்தைத் தெரிந்த கோள்களின் பாதையோடு ஒப்பிட்டபோது அது இமேஜுக்குப் பொருந்தியது. ஜனவரி 30 அன்று நாசா அதை உறுதி செய்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக மௌனமாக இருந்ததாகக் கருதப்பட்ட கோளை மீண்டும் அறிமுகம் செய்தது ஒருவரின் வீட்டு ஆன்டெனா.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் தரையிறங்கு கலம் 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் நிலவின் தென் துருவத்திலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில் இறங்க முயன்றபோது தொடர்பு அறுந்தது. நிலவைச் சுற்றும் நாசாவின் கலம் அந்தப் பகுதியைச் செப்டம்பர் 17 அன்று படமெடுத்தது. படம் 26-ஆம் தேதி வெளியானது. அதில் விக்ரம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சென்னையில் பணியாற்றிய பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், அதே இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பகுதி பகுதியாக ஒப்பிட்டார். பழைய படத்தில் இல்லாத ஒரே ஒரு வெண்புள்ளி புதிய படத்தில் இருந்தது. அதை நாசாவுக்குத் தெரிவித்தார். அக்டோபரிலும் நவம்பரிலும் எடுத்த தெளிவான படங்களைக் கொண்டு நாசா குழு ஆராய்ந்தது. விக்ரம் மோதிய இடத்தையும் சிதறல்களையும் அடையாளம் கண்டது. சண்முக சுப்பிரமணியன் கண்ட துண்டு, முதன்மையான மோதல் இடத்திலிருந்து வடமேற்கே சுமார் 750 மீட்டர் தொலைவில் கிடந்தது. டிசம்பர் 2 அன்று வெளியான அறிவிப்பில் நாசா அவருடைய பெயரைக் குறிப்பிட்டுப் பெருமை சேர்த்தது.

இன்றைய நிலை

கருவிகள் மாறிவிட்டன. நேரக் குறிப்பு ஒலியின் இடத்தில் ஜிபிஎஸ் கடிகாரமும், கண்ணின் இடத்தில் குறைந்த ஒளியிலும் படமெடுக்கும் வீடியோ கேமராவும், பழைய ரிசீவரின் இடத்தில் கணினியில் செருகும் சிறு ரேடியோ கருவியும் வந்திருக்கின்றன. கிரேக்க நாட்டில் 2014-இல் தொடங்கிய சாட்நாக்ஸ் வலையமைப்பு, பல நாட்டு ஆர்வலர்களின் ஆன்டெனாக்களை இணைத்து, கேட்ட சமிக்ஞைகளை எல்லோருக்கும் திறந்து வைக்கிறது.

வானமும் மாறிவிட்டது. 2019 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் முதல் 60 ஸ்டார்லிங்க் கோள்களை ஒரே ராக்கெட்டில் ஏவியது. மறுநாளே நெதர்லாந்தின் லெய்டன் நகரிலிருந்து மார்க்கோ லாங்புரோக் என்ற ஆர்வலர் அவை வரிசையாகச் செல்வதைப் படம் பிடித்தார். அந்தப் படம் உலகெங்கும் பரவியது. கோள்கள் ஆயிரக்கணக்கில் பெருகினால் வானியல் ஆய்வு என்னவாகும் என்ற கேள்வியை மக்கள் மன்றத்துக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பங்கு உண்டு. கோள்கள் எவ்வளவு பிரகாசமாக இருக்கின்றன, எந்த நேரத்தில் தொந்தரவு தருகின்றன என்று அளப்பது ஆர்வலர்களின் புதிய பணியாகியிருக்கிறது.

மூன்வாட்ச் காலத்தில் ஆர்வலர்கள் அரசு அமைப்பின் உதவியாளர்களாக இருந்தார்கள். கெட்டரிங்கில் தாமாக ஆராய்பவர்களானார்கள். இன்று விண்வெளியைப் பயன்படுத்தும் அரசுகளையும் நிறுவனங்களையும் கேள்வி கேட்கும் சாட்சிகளாகவும் நிற்கிறார்கள். அவர்கள் செய்த வேலையின் அடிப்படை மட்டும் 1957 முதல் மாறவில்லை: ஒரு கணத்தையும் ஒரு திசையையும் சரியாகக் குறித்து, அதை மற்றவர்களுடன் பகிர்ந்துகொள்வது.